முப்பத்தொன்றாம் எண் முத்திரை

“ஓடிப்போனான்னு சொல்லாத ஹுல்டா. இன்னொரு தடவ சொன்னா இந்த ரொட்டியாலயே அடிப்பேன்.”

“ஓடாம வேறென்ன? ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போடற கோட்டு, கையில பொட்டி. பத்தே நாள்ல பெர்லின்ல சுவரு எழும்புது. எம் புருஷன உள்ள தள்ளிட்டு, இவன் மேற்க உக்காந்து அசல் காப்பி குடிச்சிட்டு இருக்கான்.”

“அவன் குடிச்சத நீ பாத்தியா?”

“குடிக்கலேங்கறத நீங்க பாத்தீங்களா அம்தோரம்மா?”

ரொட்டிக்கடை வரிசை முழுவதும் சிரித்தது. ஹுல்டாவுக்கு நாக்கு நீளம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அவள் புருஷன் ஹூகோ ஜூன் மாதத்திலிருந்து சிறையில் இருக்கிறான், அதுவும் தெரியும். அதனால் யாரும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். வரிசையில் முழுதாகச் சொல்ல விடவில்லை, பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். இங்கே சொல்கிறேன்.

ஆல்பின் ரோய்ம் என் வீட்டு மாடியில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தான். அவன் என் வாசலைத் தாண்டி இரண்டு மாதமாகிறது. தாண்டிய பிறகு அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். தாண்டும்வரை நடந்தது தெரியும், ஏனென்றால் பாதியை நான் பார்த்தேன், மீதியில் எனக்கும் கை இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆணாகப் பிறந்தவன் ரயில் இன்ஜின் பட்டறைக்குள் போவான், பெண்ணாகப் பிறந்தவள் பட்டறைக்குப் போகிறவனுக்குச் சமைப்பாள். நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன், பட்டறைச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். ஆல்பினுக்குச் சக்கரக் கூடத்தில் வேலை. சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறவன்.

அது என்ன வேலை என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நாள் சமையலறைக்குள் நுழைகிறேன், என் இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்து மண்ணெண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கிழங்கு உருண்டை வேகவைக்கிற பானை அது.

“என்னடா பண்ற என் பானைய?”

“விரிசல் இருக்கு அம்தோரம்மா. தட்டிப் பாத்தேன், சத்தம் சரியில்ல.”

“விரிசல் உன் மண்டையில இருக்கு.”

“இருங்க, பாப்போம்.”

அரைமணி ஊறவிட்டான். துணியால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தான். அதன் மேல் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவைத்தான். பானை வெள்ளை வெளேரென்று கல்யாணப்பெண் மாதிரி நின்றது. சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையில், தலைமுடி விழுந்ததுபோல், அடியிலிருந்து கைப்பிடிவரை ஒரு கருங்கோடு மேலே வந்தது. விரிசலுக்குள் பதுங்கியிருந்த மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் கசிந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. முப்பது வருஷமாக அந்தப் பானையில் சமைத்தவள் நான். அப்புறம் பத்து நாள் வீடே மண்ணெண்ணெய் நாறியது, அது வேறு கதை. அவன் மனைவி மேட்டா சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை.

சோதித்த சக்கரத்தின் நடுவில், அச்சு நுழைகிற குடத்தில் அவன் தன் முத்திரையை அடிப்பான். விரல் நீளத்து எஃகுத் துண்டு, நுனியில் முப்பத்தொன்று என்ற எண். ஒரு சுத்தியல் அடி, எண் இரும்பில் இறங்கிவிடும். அந்த எண் இருந்தால், ‘நான் பார்த்தேன், என் தலையே பொறுப்பு’ என்று அர்த்தம்.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் அந்த இன்ஜின் வந்தது. போருக்கு முன்னால் ஒன்றே ஒன்றாகச் செய்த வேக இன்ஜின், அதைப்போல் இன்னொன்று கிடையாது. பழசாகி ஓரமாக நின்றிருந்தது. நம் நாட்டில் புதிதாகச் செய்கிற பயணிகள் பெட்டிகளை வெளிநாட்டுக்காரர்கள் வாங்க வேண்டுமானால், மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்டு என்கிறார்களாம். அந்த வேகத்தில் இழுக்க நம்மிடம் இன்ஜின் இல்லை. அதனால் இந்தக் கிழத்தைப் பிரித்துப்போட்டு, பெரிய சக்கரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு கைவிட்ட இன்ஜினின் பின்பக்கத்தை வெட்டி ஒட்டி, புதுக் கொதிகலன் ஏற்றிச் சோதனை ஓட்டத்துக்குத் தயாராக்க வேண்டும். மே தினத்துக்குள். பட்டறை வாசலில் பதாகையே கட்டிவிட்டார்கள்.

அந்தச் சக்கரங்களை நான் சூப்பு வாளியோடு போகும்போது பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் என் சமையலறைக் கதவைவிட உயரம். மூன்று அச்சு, ஆறு சக்கரம். கிரேனில் தொங்கும்போது ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்கு மாற்றுச் சக்கரம் உலகத்தில் எங்கும் இல்லை. ஒன்று கெட்டால் புதிதாக வார்க்க வேண்டும், அதற்கு ஒரு வருஷம் ஆகும். இதை மறந்துவிடாதீர்கள்.

ஆல்பின் முதல் அச்சைப் பார்த்து முத்திரை அடித்தான். கடைசி அச்சையும் பார்த்தான். நடு அச்சு எடுக்க வேண்டிய வாரத்தில் மேட்டாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மார்ச் ஆறாம் தேதி போய்விட்டாள்.

இங்கே எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். ஒருவன் வீட்டில் சாவோ பிரசவமோ வந்தால், தன் முத்திரையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவன் இவனுக்காகவும் சேர்த்து வேலை செய்து, இவன் எண்ணை அடித்துவைப்பான். வராதவன் வேலைக் குறைச்சல் கூடத்துச் சுவரில் தொங்கும் கணக்குப் பலகையில் ஏறாது. கூடத்தை மேற்பார்க்கிற மாஸ்டருக்குத் தெரியும், கண்டும் காணாமல் இருப்பார். போர் முடிந்ததிலிருந்து இப்படித்தான். அன்பினால் செய்தது. ஆல்பின் தன் முத்திரையை ஹூகோ கையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மேட்டாவைப் புதைத்துவிட்டு வந்து என் சமையலறையில் காப்பியும் பொடித்தூவல் கேக்கும் வைத்தேன். எல்லோரும் போன பிறகு ஹூகோ முத்திரையைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து ஆல்பின் முன்னால் வைத்தான்.

“இந்தா. நடு அச்சும் முடிஞ்சுது. கவலப்படாத.”

“சுண்ணாம்புல என்ன காட்டுச்சு?”

“தட்டிப் பாத்தேன்டா. மணி மாதிரி அடிச்சுது. கோயில் மணி தோத்துச்சு.”

“சுண்ணாம்பு பூசுனியா இல்லியா?”

ஹூகோ என்னைப் பார்த்தான், பிறகு கேக்கைப் பார்த்தான். “கிரேன் காத்துக்கிட்டு நின்னுச்சு. மாஸ்டர் கும்மரு பின்னாடியே நின்னு கத்துறாரு. உன் பேரு பலகையில ஏறக்கூடாதுன்னுதானே அடிச்சேன். பொண்டாட்டிய பறிகொடுத்தவன்கிட்ட இத எப்பிடிடா சொல்லுவேன்?”

ஆல்பின் முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஹூகோவின் தோளில் கை வைத்தான். அதை நான் பார்த்தேன்.

நான்கு வாரம் அவன் வாயே திறக்கவில்லை. இன்ஜின் சக்கரத்தின் மேல் இறங்கிவிட்டது, கொதிகலன் ஏறிவிட்டது. துக்கம் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு என் மகன் லோத்தர் வந்தான். வடக்கே சோதனைப் பிரிவில் கரி தள்ளுகிறவன். வாசலிலேயே தொப்பியைத் தூக்கிப் போட்டான்.

“அம்மா! அந்த இன்ஜின்ல என்னயப் போட்டுட்டாங்க! நூத்தி அறுபதுக்கு மேலயே ஓட்டுவோமாம்!”

“மேல போயி என்னடா பண்ணப்போற?”

“தொப்பி பறக்கும்மா, வேறென்ன!”

முயல் கறி, கிழங்கு உருண்டை, சிவப்புக் கோஸ். ஆல்பினையும் கூப்பிட்டிருந்தேன். தட்டில் வைத்ததை அவன் தொடவில்லை. லோத்தர் கையை ஆட்டி ஆட்டி அந்த வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆல்பின் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லோத்தர் தன் கூட்டாளிகளைப் பார்க்கப் போன பிறகு ஆல்பின் என்னிடம் சொன்னான். நடு அச்சை யாரும் பார்க்கவில்லை, என் எண் மட்டும் அதில் இருக்கிறது. இருபது வருஷப் பழைய இரும்பு, குண்டு விழுந்த காலத்தைத் தாண்டி வந்தது. சொன்னால் ஹூகோ மாட்டுவான், நானும் மாட்டுவேன். சொல்லாவிட்டால், அநேகமாக ஒன்றும் ஆகாது.

“அநேகமான்னா?”

“நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு.”

“மிச்சம் அஞ்சுல எம் புள்ள நிக்கிறான்.”

“தெரியும் அம்தோரம்மா. அதனாலதான் சோறு எறங்கல.”

அப்போது நான் சொன்னேன். இதை ஹுல்டாவும் கேட்கட்டும், தெருவும் கேட்கட்டும். “செவ்வாக்கெழம காலையில நீ போய்ச் சொல்லு. நீ சொல்லலேன்னா, நான் சூப்பு வாளியோட போயி கூடத்து நடுவுல நின்னு சொல்லுவேன்.” அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கியது நான். ஹூகோவைச் சிறைக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஹுல்டா என் முகத்தில் துப்பட்டும், துடைத்துக்கொள்வேன். அவன் முகத்தில் துப்பக் கூடாது.

செவ்வாய்க்கிழமை சொன்னான். மாஸ்டர் கும்மர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அன்று அவர் போட்ட சத்தம் சமையலறைவரை கேட்டது.

“உனக்குப் பைத்தியமா ஆல்பின்? வண்டி முடிஞ்சு நிக்குது! திரும்பத் தூக்கணும், சக்கரத்தக் கோக்கற தடி எல்லாம் கழட்டணும், மே தினம் போச்சு!”

“தூக்குங்க மாஸ்டர்.”

“விரிசல் இருந்தா? மாத்தறதுக்கு எங்கடா சக்கரம்? சொல்லு, எங்க?”

“இல்ல. அதனாலதான் நீங்களும் பாக்க வேண்டாம்ங்கறீங்க.”

ஆல்பின் சொன்னது மேலிடத்துக்கு எழுத்தில் போய்விட்டது, பிறகு யாராலும் மூட முடியவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று, தடிகளைக் கழற்றி, இரண்டு கிரேன் வைத்து முழு இன்ஜினையும் தூக்கி, நடு அச்சை வெளியே உருட்ட. மே தினத்துக்கு நான்கு நாள் முன்பு ஆல்பின் மண்ணெண்ணெய் பூசினான். பக்கத்தில் பெரிய பட்டறை ஒன்றிலிருந்து இரண்டு நிபுணர்களும் வந்து நின்றார்கள். நான் சூப்பு வாளியோடு வாசலில் நின்றேன், யாரும் என்னைத் துரத்தவில்லை.

இரண்டு சக்கரமும் சுண்ணாம்பில் வெள்ளையாக நின்றன. ஆல்பின் ஒவ்வொரு ஆரக்காலாகத் தட்டினான். குடத்தைத் தட்டினான். அச்சு சக்கரத்துக்குள் நுழைகிற இடத்தைத் தட்டினான். கூடத்தில் எண்பது பேர் நின்றார்கள். நான் மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஒரு கோடு வரட்டும் என்று. முடி அளவு ஒரு கோடு. லோத்தர் பிழைப்பான், ஆல்பினும் பிழைப்பான்.

வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலைவரை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

கூட்டத்தில் யாரோ, “கோயில் மணின்னு அவன் அப்பவே சொன்னான்ல” என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஆல்பின் தன் முத்திரையை எடுத்து, ஹூகோ அடித்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடவை அடித்தான். இப்போது அது உண்மை. அவ்வளவுதான் அவன் செய்தது. அது திமிர் என்று சிலர் சொன்னார்கள்.

மே தினத்தில் பதாகை மட்டும் ஊர்வலம் போனது. இன்ஜின் பிரிந்து கிடந்தது. சக்கரக் கூடத்துக் குழுவுக்குக் கிடைத்திருந்த ‘சிறந்த குழு’ பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், சுவரில் பட்டப் பலகை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. யாரும் ஆல்பின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. என் கண்ணெதிரேதான் அவன் தட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போவான், ஒவ்வொரு மேஜையிலும் இடம் இருக்கும், அவன் வந்ததும் இருக்காது.

விசாரணை நடந்தது. முதலில் ஆல்பினைக் கூப்பிட்டார்களாம். அலமாரியிலிருந்து முத்திரையை ஹூகோ எடுத்துவிட்டான் என்று ஒரு வரி எழுதிக் கொடு, உனக்கு ஒன்றும் வராது என்றார்களாம். அவன் எழுதவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று எழுதினான். பக்கத்து அறையில் ஹூகோ பயந்துபோய், சுண்ணாம்பு பூசித்தான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்று ஹுல்டாவுக்கே தெரியாது. சக்கரம் நல்ல சக்கரம் என்று நிரூபணமாகிவிட்டதே, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான். ஆனால் அவன் முத்திரை அடித்த அன்று சக்கரக் கூடத்தில் மண்ணெண்ணெயே தீர்ந்துபோயிருந்தது, எல்லோருக்கும் தெரியும். அரசாங்கச் சோதனை இன்ஜினில் பொய்க் கையெழுத்து. ஹூகோவுக்கு ஒன்பது மாதச் சிறை. ஆல்பினுக்குக் கண்டனம், முத்திரை பறிப்பு, சாம்பல் குழியில் வேலை.

ஆக, கொடுத்தவன் வெளியே, வாங்கியவன் உள்ளே. ஹுல்டாவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அவள் கோபம் நியாயம். அவள் சொல்கிற கதைதான் பொய்.

ஜூலையில் இன்ஜின் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு வடக்கே போனது. ஓடியது. என் மகன் வந்து சொன்னான், வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்றாம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா, அந்த ஆள வேற வீடு பாக்கச் சொல்லேன்.”

“எந்த ஆள?”

“எல்லாம் சிரிக்கிறாங்கம்மா. இல்லாத விரிசலத் தேடுனவன் உங்க வீட்லதானே இருக்கான்னு.”

“யாருக்காகடா தேடுனான்?”

“நான் கேட்டேனா அவன?”

நான் பெற்ற பிள்ளை அவன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். மாடியில் ஆல்பின் இருந்தான், எங்கள் வீட்டுப் பலகைத் தரையில் எல்லாமே கேட்கும்.

அந்த வாரம் அவன் மாவட்ட நகரத்து அரசு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினான். எனக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது, அதனால் வாசித்துக் காட்டினான். முத்திரையை நான் என் கையால் கொடுத்தேன். எங்கள் குழுவில் எல்லோரும் கொடுப்போம், பதினாறு வருஷமாகக் கொடுக்கிறோம். ஹூகோ சிட்ஸ்மான் செய்தது குற்றம் என்றால் அதில் பாதி என்னுடையது.

“அந்த ‘எல்லோரும்’ங்கற வார்த்தைய அடி” என்றேன். “கும்மர் தலையும் போகும். ஏற்கனவே உன்ன எவனும் பாக்கறதில்ல.”

“அத அடிச்சா ஹூகோ ஒருத்தன் பண்ணின களவாட்டம் ஆயிடும். அது வழக்கம்னு தெரிஞ்சாத்தான் அவன விடுவாங்க.”

“விடுவாங்களா? உன்னையும் சேத்துப் போடுவாங்க.”

“போடட்டும்.”

மூன்று கடிதம் போட்டான். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் போகிறேன் என்றான். நான் இரண்டு நாள் சண்டை போட்டேன். ஈஸ்டர் அன்று சொல்லு சொல்லு என்றவள், இப்போது வாயை மூடு என்று கெஞ்சினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அன்னிக்கு நீங்க சொன்னது சரி” என்றான். “இன்னிக்கு நீங்க சொல்றது உங்க பயம்.”

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை. மேட்டாவைப் புதைத்த அன்று போட்ட கறுப்புக் கோட்டு, அவனிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான். பெட்டியில் இரண்டு சட்டை, சவரக்கத்தி, ஒரு சோப்பு. திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. நான் ரொட்டியும் கல்லீரல் தொத்திறைச்சியும் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான், கட்டிக்கொள்ளவில்லை, எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான்.

கதவைத் திறந்தான். எதிர்வீட்டுப் படியில் ஹுல்டா கம்பளம் தட்டிக்கொண்டிருந்தாள். இவன் நின்றான், தொப்பியைக் கழற்றினான்.

“ஹுல்டா, நான் மாவட்டத்துக்குப் போறேன். ஹூகோவப் பாக்க விட்டாங்கன்னா, என்ன சொல்லட்டும்?”

அவள் கம்பளத்தை உருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ் போடுகிற சத்தம் கேட்டது. ஆல்பின் தொப்பியை மாட்டிக்கொண்டு என் வாசற்படி மூன்றையும் இறங்கினான்.